பத்துமலைக்குப் புறப்படுமுன்...

தை மாதம் நெருங்கும்போதெல்லாம் சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. “இந்த ஆண்டு பூசத்திற்குப் பத்துமலை போய் வருவோமா?” என்று குடும்பத்தில் ஒருவர் கேட்கிறார். அடுத்த வீட்டார் தாமும் வருவதாகச் சொல்கின்றனர். உடன் பணியாற்றுவோர் இருவர் சேர்கின்றனர். பெயர்ப் பட்டியல் பத்தாகி, இருபதாகி, நாற்பதாகும்போது ஒரு பேருந்தையே அமர்த்த வேண்டியதாகிறது. இவ்வாறு தானாக உருவாகும் குழுக்களில், முதலில் பெயர் எழுதத் தொடங்கியவரே தலைவராகிவிடுகிறார். அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அவரும் அப்பொறுப்பைக் கேட்டுப் பெறுவதில்லை. ஆயினும் புறப்படும் நாழிகை முதல் வீடு திரும்பும் நாழிகை வரை நாற்பது பேரின் நலம் அவர் கையில் இருக்கிறது.

அத்தகைய அன்பர்களையும், அவர்களை நம்பிப் பெயர் கொடுப்போரையும் மனத்தில் கொண்டே இத்தலையங்கம் எழுதப்படுகிறது. கடல் கடந்து சென்று முருகனைத் தொழ விரும்புவது நல்ல விருப்பம். அவ்விருப்பம் நல்லபடி நிறைவேற வேண்டுமானால், பக்திக்குக் கொடுக்கும் இடத்தைத் திட்டமிடுதலுக்கும் கொடுத்தாக வேண்டும்.

நம்மவர் பத்துமலையை நாடுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டில் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசம் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. அன்று முதல் இங்கே பூசம் வேலை நாளிலும் வரும், பள்ளி நாளிலும் வரும். பாலத்திற்கு அப்பால் ஜொகூர், நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக், பினாங்கு ஆகிய மாநிலங்களிலும் கோலாலம்பூரிலும் அது விடுமுறை நாள். ஊரே திருவிழாக் கோலம் பூணும் காட்சியைக் காண வேண்டும், உறுமியும் மேளமும் மலையடிவாரத்தில் முழங்கக் கேட்க வேண்டும், அங்குள்ள உற்றார் உறவினரோடு ஒரு நாளைக் கழிக்க வேண்டும் என்னும் ஆசை இயல்பானதே. பாலத்தின் இருபுறமும் வேர் விட்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு.

வேறொரு தொடர்பும் உண்டு. அதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டுக்கு வித்திட்ட பெரியவர் கா. தம்புசாமிப் பிள்ளை, 1850ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தவர். இங்குள்ள ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் பயின்றவர். பின்னர்க் கோலாலம்பூர் சென்று, அந்நகர் வளர்ந்த காலத்தில் தமிழர் தலைவராக விளங்கினார். 1873இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தோடும் அவர் பெயர் இணைந்திருக்கிறது. பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆகவே, சிங்கப்பூரிலிருந்து பத்துமலைக்குச் செல்வோர் அந்நிய மண்ணில் கால் வைப்பதாகக் கருத வேண்டியதில்லை. நம்மூரில் பிறந்த ஒருவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

1920இல் அக்குகைக்கு மரப்படிகள் அமைக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் பின்னர் வந்தவையே இன்றுள்ள 272 படிகள். 2006ஆம் ஆண்டு ஜனவரியில் 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் திருவுருவம் அடிவாரத்தில் எழுந்தது. 2018இல் படிகள் பல வண்ணம் பூண்டன. பார்க்கப் பார்க்கப் பரவசம் தரும் தலந்தான். ஆனால், பூச நாளில் இலட்சக்கணக்கானோர் கூடும் அவ்விடத்திற்கு நாற்பது பேரை அழைத்துச் சென்று, நாற்பது பேரையும் நலமாகத் திருப்பி அழைத்து வருவது சிறு செயலன்று.

எந்த நாளில் செல்வது?

திட்டமிடுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது நாளை. தைப்பூசம் ஆங்கில நாட்காட்டியில் ஒரே தேதியில் வருவதில்லை. 2024இல் அது ஜனவரி 25 வியாழக்கிழமை வந்தது. 2025இல் பிப்ரவரி 11 செவ்வாய்க்கிழமை வந்தது. 2026க்குரிய நாள் பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை. சில ஆண்டுகளில் அது சீனப் புத்தாண்டை ஒட்டி வந்து, நெடுஞ்சாலையிலும் சோதனைச் சாவடிகளிலும் நெரிசலைப் பன்மடங்காக்கிவிடும். எனவே நாளை உறுதி செய்துகொண்டு, குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே விடுப்புக்கு எழுதிக் கொடுப்பது நலம். கடைசி வாரத்தில் விடுப்புக் கேட்டு மேலதிகாரியின் முகம் சுளிக்கச் செய்வது, அடுத்த ஆண்டு கேட்கப்போகும் மற்றொரு தமிழருக்கும் இடையூறாகும்.

பத்துமலைப் பூசம் ஒரு நாள் விழா அன்று. கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம், பூசத்திற்கு இரண்டு இரவுகள் முன்பாகவே புறப்படுகிறது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்தை இரவெல்லாம் ஊர்ந்து கடந்து, மறுநாள் மலையடிவாரம் சேர்கிறது. பூசத்திற்கு மறுநாள் மீண்டும் நகருக்குத் திரும்புகிறது. இம்முறையை அறியாமல், பூசத்தன்று விடியலில் போய் இறங்கி, “இரதம் எங்கே?” என்று தேடும் குழுக்கள் உண்டு. இரதம் காண விரும்புவோர் எந்த இரவில் நகரில் இருக்க வேண்டும், காவடி எடுப்போர் எப்போது அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே முக்கியமான கருத்தொன்றை வலியுறுத்த விரும்புகிறோம். நேர்த்திக்கடன் உள்ளவர் பூச நாளை நாடுவது முறை. ஆனால், தரிசனம் ஒன்றையே விரும்பும் முதியோரையும் கைக்குழந்தைகளையும் அதே நாளில், அதே நெரிசலில் இழுத்துச் செல்வது எதற்காக? மலேசிய அன்பர்கள் பலரே கூட்டத்தைத் தவிர்க்க, பூசத்திற்கு முந்திய நாள்களிலும் வாரங்களிலும் வந்து காணிக்கை செலுத்திவிட்டுப் போகின்றனர். எழுபது வயதைக் கடந்த தாயார், “சாகுமுன் ஒருமுறை பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும்” என்று சொன்னால், அவர் விரும்புவது முருகனையே அன்றி நெரிசலை அன்று. அவருக்கென்று ஓர் அமைதியான வார நாளைத் தேர்ந்தெடுத்து, நிழலில் அமரச் செய்து, நிதானமாகக் கும்பிட வைப்பதே மகன் செய்யும் கடமை. குழுத் தலைவர் பெயர் எழுதும்போதே ஒவ்வொருவரிடமும், “நேர்த்திக்கடனா, தரிசனமா?” என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

தாள்களும் சாவடிகளும்

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியவை பயண ஆவணங்கள். அடிக்கடி ஜொகூர் பாரு சென்று வருவதால் மலேசியா நமக்கு வெளிநாடு என்னும் நினைவே பலருக்கு இல்லை. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும் என்பதைப் புறப்படும் நாள் உட்லண்ட்ஸ் சாவடியில் நின்றுகொண்டு நினைவுகூர்வதில் பயனில்லை. பெயர் எழுதும் அன்றே ஒவ்வொருவரின் கடப்பிதழையும் கண்ணால் பார்த்து, முடிவு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு அப்போதுதான் காலம் கிடைக்கும்.

குழுவில் எல்லாரும் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருப்பதில்லை. நிரந்தரவாசிகள் இருப்பர், வேலை அனுமதியில் இருக்கும் தமிழகத்துத் தம்பிமார்கள் இருப்பர், வீட்டுப் பணிப்பெண்ணும் உடன் வரலாம். 2024 ஜனவரி 1 முதல் மலேசியாவிற்குள் நுழையும் வெளிநாட்டவர் மின்னிலக்க வருகை அட்டையை முன்னதாகவே நிரப்ப வேண்டும் என்பது விதி. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. அது வருகைக்கு முந்திய மூன்று நாள்களுக்குள், கட்டணமின்றி நிரப்பப்படுவது. பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் விசா விலக்கு அளித்தது. இத்தகைய சலுகைகள் கால வரையறைக்கு உட்பட்டவை. ஆகையால் புறப்படும் மாதத்தில் அது நடப்பில் உள்ளதா என்று அதிகாரப்பூர்வமாக உறுதி செய்துகொள்ள வேண்டும்.

“நீ கொஞ்சம் நில், நாங்கள் போய்ப் பார்க்கிறோம்” என்று ஒரு தொழிலாளர்த் தம்பியைச் சாவடியில் நிறுத்திவிட்டுப் பேருந்து நகருமானால், அவருடைய மாதச் சேமிப்பும் ஓர் ஆண்டு ஏக்கமும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அவர் தமிழகத்தில் இருக்கும் தம் பெற்றோருக்குப் பத்துமலைப் பிரசாதம் அனுப்புவதாகச் சொல்லியிருப்பார். அவருக்காக முன்கூட்டியே பத்து நிமிடம் செலவிட்டு விவரம் கேட்டறிவது குழுத் தலைவரின் கடமை.

பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி அழைத்துச் செல்வதாயின், பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கையில் இருப்பது நன்று. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை அவற்றின் உறையோடும், மருத்துவர் எழுதிய குறிப்போடும் எடுத்துச் செல்ல வேண்டும். பால், பழம், தேங்காய், பூ ஆகியவற்றை இங்கிருந்து சுமந்து செல்ல வேண்டியதில்லை. உணவும் செடிகொடிகளும் எல்லை கடப்பதற்கு இரு நாடுகளிலும் கட்டுப்பாடுகள் உண்டு. அவையெல்லாம் பத்துமலை அடிவாரத்திலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. காவடிச் சட்டமும் வேல்களும் உடன் வருமானால், அவை இன்னவை என்று அதிகாரி கேட்கும் முன்பே பணிவோடு சொல்லிவிடுவது சிக்கலைத் தவிர்க்கும்.

பேருந்தும் ஓட்டுநரும்

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சாவடியில் தாமதம் இல்லையெனில் ஐந்தாறு மணி நேரப் பயணம். விழாக் காலத்தில் சாவடியிலேயே சில மணி நேரம் கரையும். இதை அறிந்தும், ஓர் இரவு விடுதிச் செலவை மிச்சப்படுத்த எண்ணி, “இரவு பத்து மணிக்குப் புறப்படுவோம், விடியலில் மலையேறுவோம், மாலையே திரும்பிவிடுவோம்” என்று திட்டமிடும் குழுக்கள் பல. கணக்குப் பார்த்தால் மலிவுதான். ஆனால், அந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் ஓட்டுநர் எப்போது உறங்குவார் என்று எவரும் கேட்பதில்லை.

2013 ஆகஸ்ட் 21ஆம் நாள் கெந்திங் மலைச் சாலையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை நாடு மறந்திருக்காது. அத்தகைய துயரம் எந்தப் பயணத்திற்கும் நேரக்கூடும் என்னும் அச்சம் இருந்தால்தான் எச்சரிக்கை பிறக்கும். பேருந்து அமர்த்துமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எல்லை தாண்டிச் செல்ல இப்பேருந்துக்கு உரிமம் உண்டா? நீண்ட பயணத்திற்கு இரண்டு ஓட்டுநர் வருவரா? பகலில் ஓட்டுநர் உறங்க இடம் உண்டா? ஒவ்வோர் இருக்கையிலும் இருக்கை வார் உள்ளதா? மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் வார் அணிவது நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்திற்காக அணிவோர் அணியட்டும்; நம் குழந்தைகளுக்காக நாம் அணிவோம்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மாச்சாப், ஆயர் குரோ போன்ற இடங்களில் ஓய்வுத் தலங்கள் உள்ளன. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி இறங்குவது முதியோரின் கால்களுக்கும் நல்லது. ஓட்டுநரின் கண்களுக்கும் நல்லது. அவ்விடங்களில் மீண்டும் ஏறும்போது தலை எண்ணுவதோடு நிற்காமல், பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்க்க வேண்டும். நாற்பது தலை இருக்கலாம். அவற்றுள் ஒன்று வேறு பேருந்தில் ஏற வேண்டியவருடையதாகவும் இருக்கலாம்!

கோலாலம்பூர் சென்றபின் பேருந்தை மலையடிவாரம் வரை கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பூச நாளில் சுற்றுவட்டாரச் சாலைகள் பல மூடப்படும். 2010ஆம் ஆண்டு முதல் பத்துமலைக்கு ரயில் நிலையம் உண்டு; கே.எல். சென்ட்ரலில் ஏறினால் கோயில் வாயிலருகே இறங்கலாம். அண்மைய ஆண்டுகளின் பூச நாள்களில் அச்சேவை கூடுதல் நேரம் இயங்கியது. பேருந்தை நகரிலேயே நிறுத்தி ஓட்டுநரை உறங்கவிட்டு, குழுவினர் ரயிலில் சென்று வருவது நேரத்தையும் மிச்சப்படுத்தும், பாதுகாப்பையும் பெருக்கும்.

பணமும் கணக்கும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. கோயில் பயணத்திற்கும் அது பொருந்தும். “முருகன் காரியத்திற்குக் கணக்கா?” என்று கேட்போர் உண்டு. முருகன் காரியம் என்பதனாலேயே கணக்கு இன்னும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. எத்தனையோ நல்ல குழுக்கள் சிதைந்தது பக்திக் குறைவால் அன்று; மீதப் பணம் என்னவாயிற்று என்று ஒருவர் கேட்டபோது மற்றவர் மனம் நோக விடை சொன்னதாலேயே.

முறை எளிது. பேருந்துக் கட்டணம், தங்குமிடம், உணவு, அர்ச்சனை, காப்புறுதி, எதிர்பாராச் செலவு எனத் தனித்தனியே எழுதி, தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும். பணம் பெறும்போது பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். வசூலிப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர் என்று பிரித்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. ரிங்கிட்டாக மாற்றிய நாளையும் விகிதத்தையும் குறித்து வைக்க வேண்டும். திரும்பிய வாரத்திலேயே வரவு செலவை எல்லார் பார்வைக்கும் வைத்து, மிஞ்சிய தொகையைப் பகிர்ந்தளிக்க வேண்டும். அல்லது எல்லாருடைய இசைவோடும் நம்மூர் ஆலயத்தின் அன்னதானத்திற்குச் சேர்ப்பிக்க வேண்டும்.

நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு செல்வது ஒன்று. ஆதாயம் கருதிப் பயணங்களை விற்பது வேறொன்று. பின்னதைச் செய்வோர் சிங்கப்பூரில் பயண முகவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். உரிமம் இல்லாத எவரோ “குறைந்த கட்டணத்தில் ஆன்மிகப் பயணம்” என்று அழைத்தால், ஆன்மிகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் முன்பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. உரிம எண்ணைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நம் வீட்டுப் பெண்களின் சேமிப்பையும் ஓய்வுபெற்றோரின் கைப்பணத்தையும் காக்கும் வழி அது.

காப்புறுதியை வீண் செலவாகக் கருதுவோருக்கு ஒரு சொல். 272 படிகளில் ஒரு படி வழுக்கினால் போதும். வெளிநாட்டு மருத்துவமனையில் எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெறவும், நோயாளியைப் படுத்த நிலையில் சிங்கப்பூருக்குக் கொண்டு வரவும் ஆகும் செலவு, குழு முழுவதற்கும் காப்புறுதி எடுக்கும் செலவைவிடப் பல மடங்கு.

மலையடிவாரத்தில்

காவடி எடுப்போர் பல நாள் நோன்பிருந்து உடலையும் உள்ளத்தையும் ஆயத்தப்படுத்துகின்றனர். அவருடைய நோன்பைக் குழுவும் மதிக்க வேண்டும். ஒருவர் விரதமிருக்க, அதே பேருந்தில் மற்றவர் மதுப்புட்டி திறப்பது எவ்வகையிலும் தகாது. புறப்படுமுன்பே, “இப்பயணத்தில் மது இல்லை, இறைச்சி இல்லை” என்று அறிவித்துவிட வேண்டும். அதை ஏற்க இயலாதவர் வேறொரு நாளில் உல்லாசப் பயணம் மேற்கொள்ளட்டும்.

ஒவ்வொரு காவடிக்கும் துணையாக இருவரையேனும் நியமிக்க வேண்டும். தண்ணீர், நாற்காலி, துண்டு ஆகியவை அவர்கள் பொறுப்பு. வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நிற்பது இளைஞருக்கே கடினம். நீரிழிவு உள்ளோருக்கு அது ஆபத்து. பாதத்தில் ஏற்படும் சிறு காயத்தை அவர்கள் உணராமலே போகக்கூடும். அத்தகையோர் மருத்துவரிடம் முன்னதாக யோசனை கேட்க வேண்டும். படியேற இயலாதவர் அடிவாரத்திலேயே நின்று தொழுதாலும் குறையொன்றுமில்லை. குகைக்கு ஏறியவர் மட்டுமே பக்தர் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

அடுத்து, கூடுமிடம். “சிலையடியில் சந்திப்போம்” என்று சொல்லாத குழுவே இல்லை. அதனால்தான் சிலையடியில் யாரும் யாரையும் காண முடிவதில்லை. ரயில் நிலையத்தின் குறிப்பிட்ட வாயில், குறிப்பிட்ட தண்ணீர்ப் பந்தல் என்று சற்று ஒதுங்கிய ஓர் இடத்தையும், மூன்று நேரங்களையும் வகுத்துக்கொள்வது நலம். இலட்சம் பேர் கூடுமிடத்தில் கைத்தொலைபேசி எப்போதும் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். பெயர், விடுதி, குழுத் தலைவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வைக்க வேண்டும். குழந்தைகளின் உடையில் குத்தி வைக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒருவராகத் துணைத் தலைவர்களை நியமித்தால், நாற்பது பேரையும் ஒருவரே தேடி அலைய வேண்டியிராது.

விருந்தினராகச் செல்கிறோம் என்னும் நினைவும் வேண்டும். அங்கே தண்ணீர்ப் பந்தல் அமைத்து, மோரும் சோறும் வழங்கி, இரவெல்லாம் விழித்திருப்போர் மலேசியத் தமிழ் அன்பர்கள். தோட்டப்புறங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அவர்களுள் உள்ளனர். அவர்கள் நீட்டும் இலையில் உண்டுவிட்டு, அவ்விலையை வழியில் எறிந்துவிட்டு வருவது நமக்குப் பெருமை தராது. நம் குழுவினர் ஒரு மணி நேரமேனும் ஒரு பந்தலில் நின்று தண்ணீர் வழங்கினால் என்ன? குப்பைப் பை ஒன்றை ஒவ்வொரு குழுவும் உடன் எடுத்துச் சென்றால் என்ன? அலகு குத்தும் அன்பரின் முகத்தருகே புகைப்படக் கருவியை நீட்டுவதற்கு முன், அவர் குடும்பத்தாரிடம் ஒரு சொல் கேட்டால் என்ன?

பத்துமலை நெரிசலுக்கு அஞ்சுவோருக்கு வேறு தலங்களும் உண்டு. ஈப்போவில் கல்லுமலை முருகன் இருக்கிறான். இரண்டு மூன்று நாள் விடுப்பு உள்ளவர் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லலாம். நகரத்தார் வெள்ளி இரதம் 1894ஆம் ஆண்டு முதல் அங்கே வீதி உலா வருகிறது. 2017 முதல் தங்க இரதமும் வருகிறது. மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடைய ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். ஆனால் பினாங்கு சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவு. பேருந்தில் ஒரே மூச்சில் போய் வருவதை எண்ணவே கூடாது.

நம் வாசலில் உள்ள முருகன்

இத்தனையும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. நாம் பாலம் கடக்கும் அதே நாளில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து தேங் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்திற்குக் காவடிகள் புறப்பட்டுக்கொண்டிருக்கும். அங்கே பந்தல் கட்டவும், பால்குடம் ஏந்துவோரை வரிசைப்படுத்தவும், அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்கவும் தொண்டர்கள் தேவைப்படுவர். விடுமுறை இல்லாத ஒரு நாளில், விடுப்பெடுத்தும் இரவு வேலை முடித்துத் தூங்காமலும் வந்து தொண்டு செய்வோர் தோள்களில்தான் சிங்கப்பூர்ப் பூசம் ஆண்டுதோறும் நிற்கிறது. விடுமுறையில்லை என்பதால் எல்லாரும் வெளியூர் போய்விட்டால், உள்ளூர்த் தேரை யார் இழுப்பது? ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்?

2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டபோது நாம் பாடம் ஒன்று கற்றோம். 2022 ஏப்ரல் 1இல் நிலவழி எல்லை முழுமையாகத் திறக்கப்படும் வரை, பாலத்திற்கு அப்பால் தாயைப் பிரிந்த பிள்ளையும் தங்கையைப் பிரிந்த அண்ணனும் எத்தனை பேர்! 2021, 2022 ஆண்டுகளில் இங்கேயும் காவடி ஊர்வலம் இல்லை. கொள்ளைநோய் தணிந்து 2023இல் மீண்டும் காவடிகள் ஆடியபோதுதான், போகவும் வரவும் முடிவதே பெரும் பேறு என்று உணர்ந்தோம். அப்பேற்றை அலட்சியமாகச் செலவிடலாகாது.

ஆகவே, நம் வேண்டுகோள் இது. பத்துமலை செல்லும் ஒவ்வொரு குழுவும், தன் பயணத் திட்டத்தில் உள்ளூர்த் தொண்டுக்கும் ஒரு நாளை எழுதிக்கொள்ளட்டும். பூசத்திற்கு முன்னரோ பின்னரோ ஒரு வார இறுதியில் நாற்பது பேரும் நம்மூர் ஆலயத்தில் கூடித் தொண்டாற்றட்டும். அதனால் ஆலயமும் பயனுறும்; குழுவும் பயனுறும். ஒருவரோடொருவர் வேலை செய்து பழகியவர்கள் நெடுஞ்சாலையிலும் நெரிசலிலும் ஒருவரையொருவர் கைவிட மாட்டார்கள். யார் பொறுமைசாலி, யாருக்கு முட்டி வலி, எந்தக் குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடும் என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிடும்.

இப்போதே பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கும் அன்பர்களே! உங்கள் கையிலுள்ள அந்தத் தாளில் பெயருக்கு அருகே மேலும் நான்கு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள்: கடப்பிதழ் முடியும் நாள், உட்கொள்ளும் மருந்து, அவசரத்திற்கு அழைக்க வேண்டிய உறவினர், நேர்த்திக்கடனா தரிசனமா என்னும் குறிப்பு. இந்நான்கும் நிறைந்த பின்னரே பேருந்துக்கு முன்பணம் கட்டுங்கள். சென்று வருவோர் அனைவரும் நலமே சென்று, நலமே மீண்டு, வீட்டில் காத்திருப்போர் நெற்றியில் திருநீறு இட, தண்டாயுதபாணி துணை நிற்பானாக!